மற்றும் உற்றார் உறவினர்கள்: எட்டு வாரக் கவுன்சலிங் அனுபவம்

திருச்சி தில்லைநகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் அந்தக் கவுன்சலிங் சென்டர் இருக்கிறது. போன கோடையில் எட்டு சனிக்கிழமைகள், மாலை நாலு மணிக்கு, அச்சகத்தைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்வந்தேன். ஒரு தடவைக்கு ரூ.800, ஐம்பது நிமிடம். மொத்தம் ரூ.6,400 ஆயிற்று. குறைகளும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

போன காரணத்தைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். நான் 32 வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன். ட்ரெடில் மிஷினில் ஆரம்பித்து, ஆஃப்செட் பார்த்து, இப்போது டிடிபியும் ஃபாயிலுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. என் சொந்தத் தம்பி தன் மகள் கல்யாணத்துக்கு வேறொரு கடையில் பத்திரிகை அடித்தான். அதுகூடப் போகட்டும். அதில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே தாய்மாமன்கள் மூன்று பேரும் வரிசையாக இருந்தார்கள். பெண்ணின் ஒரே பெரியப்பாவாகிய நான் இல்லை. தேடிப் பார்த்தேன். கடைசி வரியில் ‘மற்றும் உற்றார் உறவினர்கள்’ என்று இருந்தது. அதற்குள்தான் நான் இருந்தேன்.

கல்யாணத்துக்குப் போகவில்லை. அதன் பிறகு மூன்று மாதம் சரியான தூக்கம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, தம்பியிடம் என்ன கேட்டிருக்கலாம் என்று வசனம் எழுதிக்கொண்டிருப்பேன். பிரஷர் 160/100 காட்டியது. டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, மனசில்தான் இருக்கிறது, யாரிடமாவது பேசுங்கள் என்றார்.

முதலில் சென்னையில் இருக்கும் என் மகள் ஏதோ ஒரு ஆப் வழியாக வீடியோவில் ஒரு ஆலோசகரைப் பிடித்துக் கொடுத்தாள். சின்ன வயசுப் பிள்ளை. நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள், “உங்க பிலீஃப் இர்ரேஷனல் அங்கிள்” என்று ஆரம்பித்துவிட்டார். தமிழில் என்னவென்று கேட்டேன். “பகுத்தறிவற்ற நம்பிக்கை” என்றார். நம் ஊரில் பகுத்தறிவு என்றால் ஆறாவது அறிவு. அது இல்லாதவன் என்றால் ஆடு மாடு. பிரஷர் மாத்திரை போட்ட கையோடு அந்த இணைப்பைத் துண்டித்தேன். அதற்கு ரூ.1,200. திருப்பித் தரவில்லை.

ஆகவே தில்லைநகர் சென்டரின் துண்டறிக்கையில் ‘பகுத்தறிவு உணர்ச்சி நடத்தைச் சிகிச்சை’ என்று பார்த்ததும் மறுபடியுமா என்று இருந்தது. புத்தூர் பெரியார் மாளிகைப் பக்கம் வளர்ந்தவனுக்கு ‘பகுத்தறிவு’ என்ற சொல் ஒலிபெருக்கியோடுதான் காதில் விழும். போய் உட்கார்ந்த முதல் நாளே ஆலோசகரிடம் இதைச் சொன்னேன். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. சிரித்துவிட்டு, “இங்கே அந்த வார்த்தையை நாம பேச வேண்டாம் சார். உதவுற எண்ணம், உதவாத எண்ணம். அவ்வளவுதான்” என்றார். அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

வைத்தியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஆர்.இ.பி.டி. என்பார்கள். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற அமெரிக்கர், 1913இல் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர், உருவாக்கியது. அவர் முதலில் படித்தது வணிகம். பிறகு உளவியல் படித்து, ஃபிராய்டு வழியில் மனிதர்களைச் சோபாவில் படுக்கவைத்து வருடக்கணக்கில் குழந்தைப் பருவத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். அதில் சலித்துப்போய், 1955இல் இந்தப் புது முறையைத் தொடங்கினார். பெயர் ஆரம்பத்தில் ‘பகுத்தறிவுச் சிகிச்சை’ மட்டும்தான். அப்புறம் ‘உணர்ச்சி’ சேர்ந்தது. 1993இல் ‘நடத்தை’யும் சேர்ந்தது. மூன்று புரூஃப் பார்த்த தலைப்பு. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிச் சரிசெய்யும் வைத்தியத்தை இன்று ஊரெல்லாம் சி.பி.டி. என்கிறார்களே, அந்தக் குடும்பத்தில் இதுதான் மூத்தது. ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் கொண்டுவந்த முறைதான் பிற்பாடு பெரிதாகப் பரவியது. எல்லிஸ் பெயர் பலருக்குத் தெரியாது. பத்திரிகையில் விட்டுப்போன பெரியப்பா அவரும்.

முறையின் எலும்புக்கூடு ஏ, பி, சி. ஏ என்பது நடந்த சம்பவம். சி என்பது நமக்கு வந்த கோபம், தூக்கமின்மை, பிரஷர். ஏ-தான் சியைக் கொண்டுவந்தது என்று நாம் நினைக்கிறோம். இல்லை, நடுவில் பி என்று ஒரு எண்ணம் உட்கார்ந்திருக்கிறது, அதுதான் வேலையைச் செய்கிறது என்கிறார் எல்லிஸ். அவரே இதைத் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை. அடிமையாகப் பிறந்த எபிக்டெட்டஸ் என்ற பழைய கிரேக்கத் தத்துவவாதி, மனிதரைக் கலக்குவது நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றிய எண்ணங்களே என்று சொன்னதைத்தான் அடிக்கடி எடுத்துக்காட்டுவாராம். சென்டர் சுவரில் அந்த வாசகத்தை ஒட்டியிருக்கிறார்கள். எழுத்து இடைவெளி மகா மோசம். என் கடையில் அப்படி ஒன்று வெளியே போயிருந்தால் பையனைத் தொலைத்திருப்பேன்.

தொல்லை கொடுக்கிற பி எப்போதும் ஒரு கட்டளையாகவே இருக்குமாம். மூன்று வகை: நான் நன்றாகச் செய்தே ஆக வேண்டும், மற்றவர் என்னை ஒழுங்காக நடத்தியே ஆக வேண்டும், உலகம் எனக்குச் சுலபமாக இருந்தே ஆக வேண்டும். என்னுடையது இரண்டாவது. இதற்கு எல்லிஸ் ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கைப் பெயர் வைத்திருக்கிறார். ஆலோசகர் அதைத் தாண்டிப் போய்விட்டார். மகளிடம் கேட்டேன். “அது கொஞ்சம் ஒரு மாதிரியான சிலேடைப்பா, விடுங்க” என்றாள். விட்டுவிட்டேன்.

இரண்டாவது வாரம் நடந்ததற்காகத்தான் முக்கியமாக இந்த விமர்சனம். ஆலோசகர் ஒரு தாள் கொடுத்து, என் பி-யை ஒரே வாக்கியமாக எழுதச் சொன்னார். ‘தம்பி பத்திரிகையில் என் பெயரைப் போட்டிருக்க வேண்டும்’ என்று எழுதினேன். “இதைக் கட்டளையா இல்லாம, ஒரு ஆசையா மாத்தி எழுதுங்க சார்” என்றார். யோசித்து, ‘தம்பி என் பெயரைப் போட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘வேண்டும்’ என்பதைப் பென்சிலால் வட்டம் போட்டார். அது அப்படியே உட்கார்ந்திருந்தது.

அப்புறம் அவர் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆசைக்கு ஒரு சொல், கட்டாயத்துக்கு ஒரு சொல். எல்லிஸ் வைத்தியம் முழுக்க அந்த இரண்டையும் பிரிப்பதில்தான் இருக்கிறது. தமிழில் ‘காபி வேண்டும்’ என்பதும் ‘வரி கட்ட வேண்டும்’ என்பதும் ஒரே சொல். பேச்சில் இன்னும் மோசம்: வரணும், போடணும், மதிக்கணும் என்று வினையின் வாலிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஆசைப்படுகிறோமா, உத்தரவு போடுகிறோமா என்று நமக்கே தெரிவதில்லை. “அதனால இங்கே புத்தகத்தை அப்படியே மொழிபெயர்த்தா வேலைக்கு ஆகாது சார். அந்தச் சொல்லே இல்லாம எழுதிப் பாருங்க.”

நான் அச்சுக்கோத்தவன். ஒரு வரியில் ஒரு சொல்லை எடுத்தால் மற்றது எப்படி நகரும் என்று விரலுக்குத் தெரியும். இருபது நிமிடம் ஆனது. கடைசியில் வந்த வரி: ‘போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை.’ இரண்டு வாக்கியம். வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். முதல் தாளைப் படித்தபோது தாடை இறுகியது. இதைப் படித்தபோது தொண்டை அடைத்தது. கோபத்துக்குக் கீழே இருந்தது வருத்தம். இது முன்னேற்றமா என்று கேட்டேன். வருத்தம் ஆரோக்கியமான உணர்ச்சி, அதைக் கலைப்பது இந்த வைத்தியத்தின் வேலை இல்லை, கொதிப்பைத்தான் குறைக்கப் பார்க்கிறோம் என்றார். மற்ற ஏழு வாரமும் வீணாகப் போயிருந்தாலும் அந்த எண்ணூறு ரூபாய் செரித்திருக்கும்.

மூன்றாவது வாரம் எண்ணத்தோடு வாதாடுவது. எனக்கு இது வேடிக்கையாகப் போயிற்று. “பெரியப்பா பேரைப் போடணும்னு எங்கே எழுதியிருக்கு சார்?” என்று கேட்டார். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விதான், எதிரே இருப்பவர் திணறுவார். நான் திணறவில்லை. “32 வருஷமா நான்தான் எழுதிட்டிருக்கேன் மேடம். பத்தாயிரம் பத்திரிகையில காட்டுறேன்” என்றேன். அவரும் அசரவில்லை. “முறைதான், ஒத்துக்கறேன். உங்க கடையில எல்லாரும் முறைப்படிதான் பேர் போடுறாங்களா?”

வீட்டுக்கு வரும் வழியில்தான் அது வேலை செய்ய ஆரம்பித்தது. எத்தனை பேர் புரூஃப் தாளோடு வந்து, “அந்தச் சித்தப்பா பேரை எடுத்துடுங்கண்ணே” என்று சொல்லியிருக்கிறார்கள்! லெட்டர்பிரஸ் காலத்தில் இடுக்கியால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கேஸில் திரும்பப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அந்தச் சித்தப்பா யார், அன்றைக்கு இரவு தூங்கினாரா என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பெயர் எடுக்கச் சொன்னவர்களும் கொடுமைக்காரர்கள் இல்லை. மாமியார் முகம் சுளிக்கிறார், பங்காளித் தகராறு, அட்டையில் இடமில்லை, இப்படி ஏதோ ஒன்று. தம்பிக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கலாம். ஆலோசகரின் வாதங்கள் சாதிக்காததை என் சொந்தத் தொழில் சாதித்தது. ஆனால் கேள்வி அவருடையது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

பிடிக்காததும் இருந்தது. ‘எவ்வளவு கொடுமை’ என்று நூறுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். 95 போட்டேன். “கட்டிங் மெஷினில் கை போனா எத்தனை போடுவீங்க?” என்றார். எங்கள் கடையிலேயே ஒருவருக்கு விரல் நுனி போயிருக்கிறது, அவர் ரத்தத்தைத் துடைத்தவன் நான். உடனே 95ஐ 40 ஆக்கினேன். கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் மனசு ஆறவில்லை, வெட்கம்தான் வந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘சோத்துக்கு இல்லாதவன நெனச்சுப் பாரு’ என்று வாயை அடைப்பார்களே, அதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வாரம் இதைச் சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒத்துக்கொண்டார்.

வீட்டுப்பாடம் உண்டு. வாரத்துக்கு நாலு தாள். எல்லாம் நகலின் நகல், இடது ஓரம் வெட்டுப்பட்டு, கட்டங்களின் கோடு மங்கி. தமிழ்த் தாள் என்று தனியாக ஒன்று கொடுத்தார்கள், அதில் ‘உங்கள் செயல்படுத்தும் நிகழ்வை விவரிக்கவும்’ என்று இருந்தது. என்ன பாஷை இது? ‘என்ன நடந்தது?’ என்று கேட்டால் போதாதா?

ஐந்தாவது வாரம் வெட்கத்தை உடைக்கும் பயிற்சி. என் கோபத்தின் அடியில் ‘நாலு பேர் என்ன நினைப்பார்கள்’ என்ற பயம் இருக்கிறது என்று ஆலோசகர் கண்டுபிடித்துவிட்டார். பத்திரிகையைப் பார்த்த ஊர்க்காரர்கள் சிரித்திருப்பார்களே என்பதுதானே பாதி எரிச்சல். எல்லிஸ் இளமையில் பெண்களிடம் பேசவே கூச்சப்படுவாராம். 19 வயதில் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவுக்குத் தினம் போய், ஒரு மாதத்தில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த 130 பெண்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதி 100 பேரிடமும் பேசினார். ஒரே ஒருவர் மறுபடி சந்திக்க ஒத்துக்கொண்டார், அவரும் வரவில்லை. ஆனால் கூச்சம் போய்விட்டது. பிற்பாடு தன்னிடம் வருபவர்களுக்கும் இதே மாதிரி வேலை கொடுத்தார்: வாழைப்பழத்துக்குக் கயிறு கட்டித் தெருவில் இழுத்துப் போ, ரயிலில் ஸ்டேஷன் பெயரை உரக்கக் கத்து.

வாழைப்பழத்தை நான் மறுத்துவிட்டேன். ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஸ்டாப் பெயர் சொல்ல ஒத்துக்கொண்டேன். மெயின்கார்டு கேட்டில் ஏறும்போதே கை நடுங்கியது. “மரக்கடை… மரக்கடை இறங்குறவங்க வாங்க!” என்று முதல் சத்தம் போட்டதும் மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, “அண்ணே, பையையும் நீங்களே வாங்கிக்கிறீங்களா?” என்றார். பாலக்கரை சொல்லும்போது குரல் கொஞ்சம் தெளிந்தது. பின்னாலிருந்து ஒரு பாட்டி, “ஜங்ஷன் வந்தா எனக்குச் சொல்லுப்பா” என்றார். சொன்னேன். இறங்கும்போது நல்லா இரு என்று சொல்லிவிட்டுப் போனார். பைத்தியம் என்று யாராவது நினைத்திருப்பார்கள், நினைத்துவிட்டுத் தங்கள் போனுக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டில் சொன்னபோது என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “தெரிஞ்சவங்க யாராவது பார்த்தாங்களா?” என்றாள். அவளுக்கும் நாலு தாள் வாங்கிக் கொடுக்கலாம்.

ஆறாவது வாரம் எங்கள் அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது. அம்மா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. இருந்திருந்தால் அந்தப் பத்திரிகை அப்படி அச்சாகியிருக்காது. ஆலோசகர் பழக்கத்தில் தாளை எடுத்து, ஏ என்ன, பி என்ன என்று ஆரம்பித்தார். எனக்கு அப்படியே அடைத்துப் போயிற்று. “மேடம், இதுக்குக் கட்டம் வேண்டாம். சும்மா கேளுங்க” என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, மீதி நாற்பது நிமிடமும் கேட்டார். ‘ம்’ என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. எட்டு வாரத்தில் நான் அழுதது அன்று மட்டும்தான். அன்று இரவு ஆறு மணி நேரம் தூங்கினேன்.

அது ஆர்.இ.பி.டி. இல்லை என்பது எனக்குப் பிறகு புரிந்தது. 1965இல் வெளிவந்த ஒரு பயிற்சிப் படத்தை மகள் போட்டுக் காட்டினாள். ஒரே பெண்மணியிடம் மூன்று நிபுணர்கள் தனித்தனியாகப் பேசுகிறார்கள். கார்ல் ரோஜர்ஸ் என்பவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லிஸ் வருகிறார், அந்த அம்மா வாய் திறப்பதற்குள் விளக்கம், உதாரணம், வீட்டுப்பாடம் என்று மழையாகக் கொட்டுகிறார். பார்க்க எனக்கே மூச்சு முட்டியது. கோபத்தில் கொதிக்கிறவனுக்கு எல்லிஸ் சரி. ஒரு எண்ணம் இறுகிப்போய், அதையே சுற்றிச் சுற்றி வருகிறவனைப் பிடித்து உலுக்க அப்படி ஒருவர் தேவை. ஆனால் செத்துப்போன அம்மாவைப் பற்றிப் பேசுகிறவனிடம் வாதாட என்ன இருக்கிறது? வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் போய் உன் எண்ணத்தை மாற்று என்பதும் அபத்தம். அங்கே மாற வேண்டியது ஏ-தான், பி இல்லை. என் ஆலோசகருக்கு இரண்டும் தெரிந்திருந்தது. அந்த வீடியோ பிள்ளைக்கு ஒன்று மட்டும் தெரிந்திருந்தது, அதுவும் ஆங்கிலத்தில்.

ஏழாவது வாரம் நான் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டேன். எல்லிஸ் தொடங்கிய நிறுவனத்தின் நிர்வாகக் குழுவிலிருந்தே 2005இல் அவரை நீக்கிவிட்டார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். தொண்ணூறைத் தாண்டிய மனிதர். “அவரு மட்டும் ‘இருந்திருந்தா நல்லாருந்திருக்கும், இல்லை’னு விட்டாரா மேடம்? கோர்ட்டுக்குப் போனாரே?” 2006இல் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றும் சொல்லிவிட்டது. அடுத்த வருடம், 93 வயதில், அவர் காலமானார். ஆலோசகர் சொன்ன பதில்: “கொதிக்காம இருங்கன்னுதான் சொல்றோம் சார், கேக்காம இருங்கன்னு சொல்லலையே. உங்க தம்பிகிட்ட நீங்க இன்னும் கேக்கவே இல்லையே?” உண்மைதான். இரவு இரண்டு மணி வசனம் எல்லாம் எனக்குள்ளேயே ஓடியவை.

போன் செய்தேன். ‘உன் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது’ என்று, வேண்டும் கீண்டும் இல்லாமல், ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “சம்பந்தி வீட்டுல மேட்டரை அவங்களே கொடுத்துட்டாங்கண்ணே, நான் புரூஃப் பாக்கல” என்றான். நான் முழுசாக நம்பவில்லை. ஆனால் புரூஃப் பார்க்காமல் பத்திரிகை அடிக்கிற ஜனங்களை எனக்குத் தெரியும். இப்போது பேசிக்கொள்கிறோம். முன்பு போல இல்லை. பிரஷர் 140/90, மாத்திரை தொடர்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். லிஃப்ட் இல்லை, 22 படி. காத்திருக்கும் இடம் பல் மருத்துவமனைக்கும் பொது, துளை போடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வரவேற்பில் இருக்கும் பெண் பெயரை உரக்கக் கூப்பிடுகிறார், பல்லுக்கு வந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்கிறார்கள். வெட்கத்தை உடைக்கும் பயிற்சியில் இதையும் சேர்த்திருக்கிறார்களோ என்னவோ. எங்கே போனாலும் படிப்பைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். காசுக்கு வழியில்லை, ராத்திரியில் மனசு கெட்டுக் கிடக்கிறது என்றால் 14416க்கு அடியுங்கள். அரசு சேவை, இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் அந்தத் தாள்களுக்காகக் குறைத்தது.

கடைசி நாள் அதையும் சொல்லிவிட்டேன். தமிழ்த் தாளைப் புதிதாக எழுதி அடித்துத் தருகிறேன், காகிதக் காசு மட்டும் போதும் என்றேன். ஆலோசகர் இரண்டு முறை புரூஃப் பார்த்தார். பத்து நாள் கழித்துக் கட்டு கட்டி எடுத்துக்கொண்டு போனேன். அவர் மேல் தாளை எடுத்துப் படித்தார், சிரிக்க ஆரம்பித்தார், என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் கோத்து, அவர் திருத்தி, இரண்டு பேர் கண்ணுக்கும் தப்பி, முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் நின்றுகொண்டிருந்தது: ‘கீழ்க்கண்ட கட்டங்களைத் தவறாமல் நிரப்ப வேண்டும்.’

ஐந்நூறு தாள். பென்சிலால் அடித்துவிட்டு ‘நிரப்பினால் நல்லது’ என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களாம்.